தெளிக்காத தண்ணீர்

முன்கண்ணாடியில் அப்பிக் கிடந்த ஈசல்களைக் கழுவத்தான் கார்த்திகா வைப்பர் லீவரைத் தன் பக்கம் இழுத்தாள். தண்ணீர் பீய்ச்சியது, வைப்பர் இரண்டு தடவை போய் வந்தது, கண்ணாடி பளிச்சென்று ஆனது. நாற்றம் அதற்கப்புறம்தான் வந்தது.

ஏசி காற்றோடு சேர்ந்து அது மெல்ல உள்ளே நுழைந்தது. செத்த எலி நாற்றம் இல்லை, சாக்கடையும் இல்லை. வெயிலே படாத ஆழத்தில் வெகுகாலம் கிடந்து பாசி பிடித்த தண்ணீரை யாரோ அடிவரைக்கும் கலக்கிவிட்ட வாடை. அதோடு நனைந்த கல்தூளின் வாடை. அதற்கும் அடியில், மூக்கைச் சுளித்துக்கொண்டு இன்னொரு முறை முகர்ந்தபோதுதான் பிடிபட்டது, அரைத்த மஞ்சளின் வாடை. பக்கத்துக் கண்ணாடிகளை இறக்கிவிட்டாள். ஐப்பசி மாதத்துச் சாயங்காலக் காற்று சிலுசிலுவென்று உள்ளே வந்து வெளியே போயிற்று. நாற்றம் போகவில்லை. புதுக்கோட்டையில் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது அவளுடைய சேலையிலும் அது இருந்தது.

அந்தக் கார் அவளுக்கு வெறும் கார் இல்லை. புரட்டாசியில் ஒருநாள் அண்ணன் வசந்தகுமார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தான் ஓட்டிக்கொண்டிருந்த வெள்ளைக் காரின் சாவியை அவள் கையில் வைத்து, "இனிமே பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போகாத பாப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். காரைத் தூக்கிக் கொடுக்கும் அண்ணன் எத்தனை பேருக்கு வாய்ப்பான்? குளத்தூர் தாலுகா ஆபீசில் அவளோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு வயிறு எரிந்தது, மீதிப் பேர் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கார்த்திகாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். அன்றிலிருந்து அவளை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து, அவள் கணவன் பிரவீன்குமார் சிங்கப்பூருக்குப் போன பிறகு வாரம் தவறாமல் வந்து பார்த்துப் போகிறவன் வசந்தகுமார். அவன் சொன்னால் நடுப்பகலைக்கூட ராத்திரி என்று நம்பிவிடுவாள்.

கார் வந்த அதே வாரத்தில்தான் ஊரிலிருந்து சொர்ணம் சித்தி வந்து அந்தச் சேதியைச் சொன்னாள். குன்றாண்டார்கோவில் பக்கம் அண்ணன் எடுத்து நடத்தும் கல் குவாரியில் வேலை பார்த்த பையன் ஒருவனைக் காணோமாம். அவனைப் பெற்றவள் அண்ணன் மேல் சந்தேகப்பட்டு, சத்தியம் பண்ணச் சொல்லி முனி கோயிலுக்குக் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஒங்கண்ணன் அசரலையே! ஒன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டான்டி. 'எனக்குப் பெத்த புள்ளைக்கு மேல எந் தங்கச்சி, அவ மேல சத்தியம்'னான். கேட்ட சனமெல்லாம் கண்ணு கலங்கிருச்சு."

கார்த்திகாவும் அழுதாள். பெருமையில் அழுதாள். இரண்டு நாளைக்கு அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்தது.

இப்போது அவள் கவலை நாற்றம்தான். முதலில் ஏசி என்று நினைத்து அதன் ஃபில்டரை மாற்றினாள். சீட்டையெல்லாம் ஷாம்பு போட்டுக் கழுவினாள். டேஷ்போர்டில் மல்லிகை வாசனைப் புட்டி ஒன்றை மாட்டினாள். மல்லிகையும் பாசியும் சேர்ந்து சாவு வீட்டு வாடை அடிக்கவே அதைக் கழற்றி எறிந்தாள். கடைசியில்தான், வைப்பர் தண்ணீரை அடித்தால் மட்டும் நாற்றம் வருகிறது என்பது உறைத்தது. சனிக்கிழமை காலையில் வண்டியை வீரய்யாவின் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

வீரய்யா பானெட்டைத் தூக்கி, வைப்பர் டேங்கின் மூடியைத் திறந்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் உடனே பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வெறுந் தண்ணிய ஊத்தி அப்படியே விட்டா இப்படித்தான் மேடம். எஞ்சின் சூட்டுல கிருமி வளந்துரும். பயப்படாதீங்க, கழுவி விட்டுறலாம்."

ஒரு குழாயை விட்டு உள்ளே இருந்ததையெல்லாம் வாளியில் வடித்தார். பச்சையும் மஞ்சளுமாகக் கொழகொழவென்று வந்தது. சுடுதண்ணீரில் வினிகரைக் கலந்து டேங்கில் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டார், மோட்டாரை ஓடவிட்டுக் குழாய்களில் இருந்ததைப் பீய்ச்சி வெளியேற்றினார், நல்ல தண்ணீர் விட்டு மூன்று முறை அலசினார், தண்ணீர் பீய்ச்சும் துளைகளை ஊசியால் குத்தி எடுத்தார். பிறகு வாளிக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஒரு வேப்பிலைக் கொத்து. இப்போதுதான் ஒடித்ததைப்போலப் பச்சையாக இருந்தது.

"இவ்வளவு நாள் தண்ணியில கெடந்தா கறுத்துப் போயிருக்கணுமேங்க. யாரோ கோயில் தண்ணிய இதுக்குள்ள ஊத்திருக்காங்க மேடம். மஞ்சளும் கெடக்கு பாருங்க."

கார்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் வேலைதான். வண்டிக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று ஏதாவது கோயில் தீர்த்தத்தை வாங்கிவந்து, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் இதற்குள் ஊற்றியிருப்பான். அங்கிருந்தே அவனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, வைப்பர் டேங்க்ல தீர்த்தம் எதும் ஊத்துனியா?"

அந்தப் பக்கம் கல் உடைக்கும் மிஷின் இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணே?"

"ஆமா பாப்பா. நல்லதுக்குத்தான். அதைக் கொட்டிட்டியா? எங்கிட்டுக் கொட்டுன?"

"பட்டறையில. சாக்கடையில ஊத்திட்டாரு."

அவன் போனை வைத்துவிட்டான். வேலை மும்முரம்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். வீரய்யா கடையில் விற்கும் நீல நிற வாஷர் திரவத்தை டேங்க் நிறைய ஊற்றி மூடினார். லீவரை இழுத்துப் பார்த்தார்கள். எலுமிச்சை வாசனை அடித்தது.

திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அதே நாற்றம் அடித்தது. இம்முறை அவள் லீவரைத் தொடக்கூட இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தாள். டேங்க் கழுத்துவரை நிறைந்திருந்தது. நீலம் இல்லை. பச்சை. அதன்மேல் வேப்பிலைக் கொத்து ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

வீரய்யா இரண்டாவது தடவையும் கழுவினார். அப்போதும் போகாமல் மூன்றாவது தடவை டேங்கையே மாற்றிப் புதிதாகப் போட்டார், குழாயையும் மாற்றினார், மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தார். "இனிமே அது அடிக்கவே அடிக்காது மேடம்" என்றவர், கூலி வாங்கிக்கொள்ளவில்லை. வண்டியை இனி இங்கிட்டுக் கொண்டுவர வேண்டாம் என்பதையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் இருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் தாலுகா ஆபீஸ் வாசலுக்கு எதிரே, டீக்கடைக்குப் பக்கத்தில், ஊதாச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து நிற்பாள். மனு கொடுக்க வருகிறவர்கள் உள்ளே வருவார்கள். இவள் வருவதில்லை. கார்த்திகா காரை எடுக்கும்போது உச்சந்தலையிலிருந்து கால்வரை உற்றுப் பார்ப்பாள், பிறகு கும்பிட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிடுவாள். முதல் வாரம் வேறு யாரையோ கும்பிடுகிறாள் என்று நினைத்தாள். நான்காவது வாரம் அப்படி நினைக்க முடியவில்லை.

ஃபியூஸைப் பிடுங்கிய மறுநாள் காலையில் முன்கண்ணாடியில் ஒரு கைத்தடம் இருந்தது. தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் பூத்த தடம், விரல்களை விரித்து வைத்த பெரிய கை. தெருப்பிள்ளைகள் யாராவது வைத்திருப்பார்கள் என்று ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். விரல்களை எண்ணிப் பார்த்தபோது சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. நகத்தால் சுரண்டினாள், அதற்கும் போகவில்லை. பிறகு கதவைத் திறந்து, உள்ளே சாய்ந்து, அதே இடத்தைத் துணியால் தொட்டாள். உடனே அழிந்துவிட்டது.

தடம் உள்பக்கம் இருந்தது.

அன்றும் அவள் அந்தக் காரில்தான் ஆபீசுக்குப் போனாள். அண்ணன் கொடுத்தது. அதிலிருந்து தனக்கு ஒரு கெடுதல் வரும் என்று நினைப்பதே அவனுக்குச் செய்யும் துரோகமாகப் பட்டது.

அன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் குடையோடு வெளியே வந்தபோது ஊதாச் சேலைக்காரி டீக்கடைக்குப் பக்கத்தில் இல்லை. காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலை நனைந்து முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"எம் பேரு செவந்தி, ஆத்தா. மதுரைவீரனோட அம்மா. ஒங்கண்ணன் குவாரியில வேல பாத்தானே, அவனைப் பெத்தவ."

கார்த்திகா குடையை அவள் தலைக்கு மேல் நீட்டினாள். "உள்ள வந்து பேசுங்க, நனையிறீங்களே" என்றாள்.

"வேணாம் ஆத்தா. நீ நல்லா இருக்கியான்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். இன்னிக்கு நாப்பத்தெட்டாம் நாளு. ஒரு மண்டலம் நீ நல்லா இருந்தா ஒங்கண்ணன் சொன்னது நெசம், எம் புள்ள எங்கிட்டோ உசுரோட இருக்கான். அதான் வாராவாரம் வந்து ஒன்னையப் பாத்து, ஒனக்காக வேண்டிக்கிட்டுப் போறேன். என்னைய விட ஒன்னைய யாரும் நல்லா இருக்கணும்னு நெனைக்க மாட்டாக." அவள் இன்னும் கிட்டே வந்தாள். "நல்லாத்தானே இருக்க? ஏன் மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"நல்லா இருக்கேம்மா" என்றாள் கார்த்திகா. 

"அன்னிக்கு முனி கோயில்ல ஒங்கண்ணன் பெத்த மகன் நிலவழகனும் கூட நின்னான். புள்ள தலையில அடிச்சுச் சொல்லுங்கன்னு நாந்தான் கேட்டேன். கையத் தூக்குனாரு ஆத்தா. தூக்குன கைய எறக்கிட்டு, எந் தங்கச்சி மேல சத்தியம்னாரு. எல்லாரும் பாசம்னாக. எனக்குத்தான் அப்பவே சந்தேகம் தட்டுச்சு."

மழைச் சத்தத்துக்குள் அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகக் கார்த்திகாவின் காதில் விழுந்தன. தூக்கிய கை. இறக்கிய கை.

"சத்தியத் தண்ணிய ஒன் தலையில தெளிச்சாரா ஆத்தா? யாரு தலையில அடிக்கிறாகளோ அவுக தலையில தெளிக்கணும்ல. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு பூசாரி பாட்டில்ல ஊத்திக் குடுத்தாரே. தெளிக்கலேன்னா அது தானா வந்து சேரும்பாக."

கார்த்திகா காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"பொய்யின்னா, இன்னிக்கு வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்து ஒத்துக்கிட்டா போதும். கட்டு அவுந்துரும்" என்றாள் செவந்தி. பிறகு தன் ஈரக் கையைத் தூக்கி, சுண்டுவிரலை மற்றக் கையால் பிடித்துக் காட்டினாள். "எங்கயாச்சும் எம் மகனைப் பாத்தா சொல்லு ஆத்தா. வலது கையில இந்த வெரலு இருக்காது. போன வருசம் கல்லு விழுந்து நசுங்கிருச்சு."

அவள் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

கார்த்திகா வேறு வழியாகப் போயிருக்கலாம். ஆட்டோ கிடைக்கும், பஸ் கிடைக்கும். ஆனால் அவளுக்கு அப்போது பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது. இந்தக் காரை அண்ணன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை அவன் முகத்தில் எறிந்து, அவன் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். பதினைந்து கிலோமீட்டர் இருக்குமா? விளக்கு வைப்பதற்குள் போய்விடலாம். சொந்த ஊருக்குப் போகும் குன்றாண்டார்கோவில் சாலையில் வண்டியைத் திருப்பினாள்.

இரண்டு பக்கமும் தைலமரக் காடு. மழையில் இலைகளெல்லாம் ஒரே சத்தமாக இரைந்துகொண்டிருந்தன, வெளிச்சம் மரங்களுக்குள்ளிருந்து ஒவ்வொரு வரிசையாக வற்றிக்கொண்டே போனது, எதிரில் ஒரு வண்டியும் வரவில்லை, வைப்பர் மட்டும் டப் டப்பென்று இடமும் வலமும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அசைவையே பார்த்தபடி, ஒன்பது வயதில் அண்ணனின் சைக்கிள் கம்பியில் உட்கார்ந்து இதே சாலையில் போனதை நினைத்தாள். நனையாமல் இருக்கட்டும் என்று அவன் தன் துண்டை அவள் தலையில் போட்டு, அது பறக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஒற்றைக் கையால் ஓட்டினான். அந்தக் கையின் சூடு இப்போதும் உச்சந்தலையில் இருந்தது. 

அப்போது தண்ணீர் பீய்ச்சியது.

அவள் லீவரைத் தொடவில்லை. ஃபியூஸ் அவளுடைய கைப்பையில் இருந்தது. இரண்டு துளைகளிலிருந்தும் பச்சைத் தண்ணீர் எழுந்து கண்ணாடியில் விழுந்தது, நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது, வைப்பர் தள்ளத் தள்ள இன்னும் கெட்டியாக வழிந்தது. சாலை மறைந்தது. மரங்கள் மறைந்தன. பிரேக்கை மிதித்து ஓரத்தில் நிறுத்தினாள்.

கதவு திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. பக்கத்துக் கண்ணாடிகளிலும் இப்போது பச்சை. கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. மழைச் சத்தம் நின்றுவிட்டது. மழை நிற்கவில்லை, சத்தம் மட்டும் மேலே எங்கேயோ தூரத்தில், ஆழத்துக்குள் இருப்பவர்களுக்குக் கேட்பதைப்போலக் கேட்டது.

போனை எடுத்து அண்ணனை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே. மதுரைவீரன் எங்க?"

"பாப்பா, நீ எங்க இருக்க?"

"எங்க அவன்?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நான் தள்ளலை பாப்பா. தண்ணி நெறஞ்ச பழைய குழியில மோட்டாரை எறக்கும்போது வழுக்கி உள்ள விழுந்துட்டான். அந்தக் குழிக்குப் பெர்மிட் இல்ல. வெளிய தெரிஞ்சா எல்லாம் போயிரும். அதான் எடுக்கலை. அப்படியே விட்டுட்டேன்."

"தண்ணிய ஏன் இதுல ஊத்துன?"

"மண்ணுல கொட்டக் கூடாதுன்னாரு பூசாரி. ஒன் தலையில தெளிக்க எனக்கு மனசு வரலை. சத்தியமா வரலை. கைக்கு எட்டுன எடத்துல ஊத்துனேன்."

அந்த ஒரு நொடி அவள் அவனை மன்னித்துவிட்டாள். மனசு வரவில்லை என்கிறானே, அது போதும். அதற்குள் அடுத்த கேள்வி அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்புறம் ஏன்ணே இந்த வண்டிய எங்கிட்டக் குடுத்த?"

"நிலவழகன் அதுல ஏறுறான் பாப்பா. டெய்லி ஸ்கூலுக்கு அதுலதான் கூட்டிட்டுப் போவேன். அவன் சின்னப் புள்ள."

கார்த்திகா கண்ணை மூடிக்கொண்டாள். சைக்கிள் கம்பி, துண்டு, உள்ளங்கைச் சூடு, எல்லாம் ஒரே அடியில் போயிற்று. பச்சை மேல்விளிம்பைத் தொட்டுவிட்டது. உள்ளே இருட்டு. போன் வெளிச்சம் மட்டும்.

"அண்ணே, இன்னும் வெளக்கு வைக்கல. இப்பவே போயி அந்தம்மாகிட்டச் சொல்லு. ஒத்துக்கிட்டா விட்டுரும். நான் செத்துருவேன்ணே. போயிச் சொல்லு."

"சொன்னா நான் உள்ள போயிருவேன். தாயில்லாத புள்ள அவன், அனாதையாயிருவான். நீதான் அனாதையா வளந்தவ, ஒனக்குத் தெரியாதா?" அவன் அழுதுகொண்டிருந்தான். நிஜமாகவே அழுதான். "அதெல்லாம் மூடநம்பிக்க பாப்பா. பயப்படாத. ஒனக்கு ஒண்ணும் ஆகாது, ஒன் மேல சத்தியமா..."

வைப்பர் நின்றது.

பின்சீட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. கல்தூள் வாடை. மஞ்சள் வாடை. மிகக் கிட்டே.

"பாப்பா? நல்லா இருக்கியா?"

அவள் போனை மடியில் நழுவவிட்டாள். திரும்பவில்லை. மூச்சு விடவில்லை.

உச்சந்தலையில் ஒரு கை வந்து அமர்ந்தது. ஈரமாக, ஐஸைப்போல. அழுத்தவில்லை. உண்மையைச் சொல்லப் போகிறவர்கள் வைப்பதைப்போல, மெதுவாக, மரியாதையோடு வைத்தது. தண்ணீர் தலைமயிருக்குள் இறங்கி, நெற்றியில் வழிந்து, இமையில் நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.